வேலையைப் பறித்தவனே காரணமும் எழுதுவதா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை. அரியலூரில் நமது ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே ஒரு தொழிலாளி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

பதினோரு வருஷம் ஒரே ஆலைக்குள் சுமைவேலை செய்தவர். ஒரு நாள் கேட்டில் நிறுத்தினார்கள். "லோடு இல்லை, சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவே இல்லை. மூன்று மாதம் கழித்து, வேலையிழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ. கொடுக்கும் உதவிப் பணத்தைக் கேட்டு மனுப் போட்டார். நிர்வாகத்திடமிருந்து வந்த பதில்தான் அந்தக் காகிதம். "இவர் தாமாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்."

"நான் எங்கேண்ணே வேலையை விட்டு நின்னேன்? தினமும் கேட்டுல போயி நின்னேன். வாட்ச்மேன் உள்ளே விடலை. கேட்டுல நின்னவனைப் போயி வேலையை விட்டு நின்னுட்டான்னு எழுதிட்டாங்களே!" என்றார்.

அவருக்கு அந்தப் பணம் கடைசிவரை கிடைக்கவில்லை. கேட்டில் நின்றதற்கு அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து மட்டும் அவர்களிடம் இருந்தது. வேலை நின்ற முதல் வாரத்திலேயே நாங்கள் அவரைத் தேடிப் போயிருக்க வேண்டும், போகவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தோழர்களே! வேலை போவது ஒரு அடி. வேலை ஏன் போயிற்று என்று முதலாளி எழுதுகிற காரணம் இரண்டாவது அடி. முதல் அடியில் கூலி போகிறது. இரண்டாவது அடியில் நஷ்டஈடும் போகிறது. நம்மில் பலர் முதல் அடிக்குக் குரல் கொடுக்கிறோம். இரண்டாவது அடியைக் கவனிப்பதே இல்லை.

கோத்தகிரியில் நடந்தது

இது இன்று நேற்று வந்த வித்தையல்ல. 1957 ஜூலை கடைசியில் நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் கைர்பெட்டா எஸ்டேட்டின் மேனேஜரைச் சில தொழிலாளர்கள் தாக்கினார்கள். அவருக்கு எலும்பு முறிந்தது. அந்தச் செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதன்பின் நிர்வாகம் என்ன செய்தது? எஸ்டேட்டின் ஒரு டிவிஷனையே இழுத்து மூடியது. அடித்தவன், அடிக்காதவன், அன்று அந்தப் பக்கமே வராதவன் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் வேலை போயிற்று. சமரசப் பேச்சுக்குப் பிறகு செப்டம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள்.

மூடியிருந்த ஐந்து வாரத்துக்கு 'லே-ஆப்' நஷ்டஈடு கேட்டார்கள் தொழிலாளர்கள். கோயமுத்தூர் லேபர் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எஸ்டேட் விடவில்லை, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. "நாங்கள் செய்தது லே-ஆப் அல்ல, லாக்-அவுட்!" என்று வாதாடியது.

1960 மார்ச்சில் நீதிபதி கஜேந்திரகட்கர் தீர்ப்பளித்தார். நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, சரக்குத் தேங்கிவிட்டது, இயந்திரம் பழுது என்பன போன்ற காரணங்களால் வேலை கொடுக்க முடியாமல் போவதுதான் லே-ஆப். கதவடைப்பு என்பது வேறு. அது முதலாளியின் ஆயுதம். ஆகவே லே-ஆப் நஷ்டஈடு கிடையாது என்றது கோர்ட்.

கவனியுங்கள். மூடியவன் ஒருவனே. பட்டினி கிடந்தவர்களும் அவர்களே. பெயர் மட்டும் மாறியது. அதோடு பணமும் போயிற்று. கதவடைப்பு நியாயமா என்று தனித் தாவாவாகக் கிளப்பியிருந்தால் அது வேறு வழக்கு. கேட்ட பெயரில் கிடைக்கவில்லை. எந்தப் பெயரில் கேட்கிறோம் என்பதை முதல் நாளே யோசிக்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

பெயரை மாற்றவும் முடிந்தது

இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். 1956 நவம்பர் 27ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. பார்சி லைட் ரயில்வே வழக்கும் பரோடா தினேஷ் மில் வழக்கும் சேர்ந்து வந்தன. தொழிலையே ஒரேயடியாக மூடினாலோ, கைமாற்றிக் கொடுத்தாலோ அதற்கு ஆட்குறைப்பு என்று பெயரில்லை, ஆகவே ஆட்குறைப்பு நஷ்டஈடும் இல்லை என்றார்கள். பத்துப் பேரை நீக்கினால் நஷ்டஈடு உண்டு. ஆயிரம் பேரை நீக்கி ஆலையையே மூடினால் இல்லை! இதைவிட வேடிக்கை உண்டா?

அந்த வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. மறு வருஷமே, 1957ல், சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆலை மூடலுக்கும் கைமாற்றத்துக்கும் நஷ்டஈடு உண்டு என்று எழுதினார்கள். அதுவும் எந்தத் தேதியிலிருந்து? தீர்ப்புக்கு மறுநாளான 1956 நவம்பர் 28லிருந்து! முதலாளிக்கு ஒரு நாள்கூட லாபம் வைக்கவில்லை. 'பணக் கஷ்டம்', 'சரக்குத் தேக்கம்', 'குத்தகைக் காலம் முடிந்தது' என்பவை மட்டும் தவிர்க்க முடியாத காரணமாகிவிடாது என்றும் சட்டத்திலேயே விளக்கம் சேர்ந்தது.

நம் ஊரில் என்னென்ன பெயர்கள்?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் நாம் கேட்கும் பெயர்களை எண்ணிப் பாருங்கள்.

"சுரங்கத்தில் கல் தீர்ந்துவிட்டது." சுண்ணாம்புக் கல்லை நம்பி நிற்கும் அரியலூரில் இது அடிக்கடி காதில் விழும் பேச்சு. கல் தீர்ந்ததால் மூடினாலும் முதலாளி சும்மா கைகழுவிவிட முடியாது. 20 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், அதே சம்பளத்தில், சர்வீஸ் அறுபடாமல் மாற்றுவேலை கொடுத்தால்தான் நஷ்டஈட்டிலிருந்து தப்ப முடியும் என்று 1947 தொழில் தகராறு சட்டத்தில் 1971ல் சேர்த்தார்கள்.

"இது சீசன் ஆலை." எறையூர் சர்க்கரை ஆலையை அறிந்த நம் ஜனங்களுக்கு சீசன் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சீசன் தொழிலுக்கு லே-ஆப் நஷ்டஈடு இல்லை என்பது சட்டம். ஆனால் ஒரு ஆலை சீசன் ஆலையா என்பதில் தகராறு வந்தால் அதை முடிவுசெய்வது சர்க்கார், முதலாளி அல்ல.

"எங்களிடம் ஐம்பது பேர் இல்லை." ஐம்பது பேருக்குக் குறைந்த இடத்தில் லே-ஆப் நஷ்டஈடு கிடையாது. ஆகவே ஒரே மதிலுக்குள் நாலு காண்ட்ராக்டர், ஆளுக்கு நாற்பது பேர்!

"ஒப்பந்தக் காலம் முடிந்தது." காலம் குறித்த ஒப்பந்தம் முடிந்து வேலை போனால் அது ஆட்குறைப்பல்ல என்று 1984ல் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தார்கள். 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த வாசலை இன்னும் அகலமாக்கியது. ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் சர்க்காரின் முன்அனுமதி வேண்டும் என்ற விதி 100 பேர் உள்ள ஆலைக்கு இருந்ததை 300 பேர் என்று உயர்த்தியதும் அதே தொகுப்புதான்.

இ.எஸ்.ஐ. பணம் யாருடையது?

2018 ஜூலை 1ல் இ.எஸ்.ஐ. ஒரு திட்டம் கொண்டுவந்தது. வேலையிழந்த தொழிலாளிக்கு, சராசரிக் கூலியில் 25 சதவீதம், ஆயுளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாள். இதற்கு மனு எந்த வழியாகப் போக வேண்டும் என்று வைத்தார்கள் தெரியுமா? வேலையை விட்டு அனுப்பிய அதே முதலாளி வழியாக! ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும் தாமாக ஓய்வு பெற்றவருக்கும் பணம் இல்லை என்பது நிபந்தனை. பிறகு கேட்க வேண்டுமா? முதலாளி பேனாவைத் திறந்தால் போதும்.

கொரோனாக் காலத்தில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தபோது, 2020 ஆகஸ்டில், இதைத் தளர்த்தினார்கள். தொகை 50 சதவீதமாயிற்று. தொழிலாளியே நேராக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம் என்றும் ஆயிற்று. முதலாளியின் சிபாரிசு இல்லாமல் இந்த உதவியைக் கொடுக்க முடியும் என்பது இதிலேயே நிரூபணமாகிவிட்டது.

ஆனாலும் பேனா இன்னும் முதலாளி கையில்தான். மாதந்தோறும் இ.எஸ்.ஐ. சந்தாக் கணக்கு ஏற்றும்போது, கூலி இல்லாத தொழிலாளியின் பெயருக்கு எதிரே நிர்வாகம் ஒரு காரணம் பதிகிறது. 'வேலையை விட்டு விலகினார்', 'ஆட்குறைப்பு', 'வேலை இல்லை', 'வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு' என்று அதில் பல இனங்கள். எதைத் தொடுவது என்பது நிர்வாகத்தின் இஷ்டம். எது தொடப்பட்டது என்பது தொழிலாளிக்குத் தெரிவதே இல்லை. மனுப் போட்ட பிறகுதான் தெரிகிறது.

இது யார் பணம்? 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி, கூலியில் முக்கால் சதவீதம் தொழிலாளி. மூன்றேகால் சதவீதம் முதலாளி. முதலாளி பங்கும் நம் உழைப்பிலிருந்து வந்ததே. நம் உண்டியலைத் திறக்க, நம்மை வெளியே தள்ளியவன் சம்மதம் எதற்கு?

"முதலாளியைக் கேட்காவிட்டால் பொய் மனு வராதா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் முதலாளி சொல்வது ஒரு கட்சிக்காரரின் வாதம், அது தீர்ப்பல்ல. விலகினான் என்றால் விலகல் கடிதம் எங்கே? ஒழுங்கீனம் என்றால் குற்றச்சாட்டுக் கடிதம் எங்கே, விசாரணை எங்கே? காகிதத்தைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் பணத்தைக் கொடுக்கட்டும்.

வயலிலும் இதே கதை

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இது ஆலைக்காரன் சங்கதி என்று நினைக்காதீர்கள். 2005 வேலை உறுதிச் சட்டம் என்ன சொன்னது? வேலை கேட்டு 15 நாளில் கொடுக்காவிட்டால் வேலையில்லாப் படி. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன்பின் பாதிக்குக் குறையாமல். நூறு நாள் வேலைக்குப் போன நம் பெண்களில் எத்தனை பேர் இந்தப் படியை வாங்கினார்கள்? படிக்குத் தேதி போட்ட ரசீது வேண்டும். வாயால் கேட்டவர்களுக்கு ரசீது இல்லை. ரசீது இல்லாவிட்டால் அவர்கள் வேலையே கேட்கவில்லை என்று அர்த்தம்! அங்கே முதலாளி 'விலகினான்' என்று எழுதுகிறான். இங்கே சர்க்கார் 'கேட்கவில்லை' என்று எழுதுகிறது.

2025 டிசம்பரில் இந்தச் சட்டத்தின் இடத்தில் பார்லிமெண்டில் வேறு சட்டம் நிறைவேற்றினார்கள். விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்று அதில் எழுதினார்கள். ஆக, சர்க்கரை ஆலைத் தொழிலாளிக்கு சீசன் முடிந்தால் பாத்தியதை இல்லை. விவசாயத் தொழிலாளிக்கு சீசன் தொடங்கினால் பாத்தியதை இல்லை!

செய்ய வேண்டியது

240 நாள் வேலை செய்ததைத் தொழிலாளிதான் முதலில் நிரூபிக்க வேண்டும் என்று 2002ல் ஒரு வனத்துறை வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. தொழிலாளி சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லி, மஸ்டர் ரோலையும் சம்பளச் சீட்டையும் தாக்கல் செய்யும்படி நிர்வாகத்தைக் கேட்டு அதை நிரூபிக்கலாம் என்று 2005ல் எல்லாட்டி வழக்கில் வழி காட்டியது. ஆகவே:

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டாகிவிட்டது என்றால் அதைச் சங்கத்தில் இன்றே சொல்லி வையுங்கள்.

ஒரு இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் வாங்கி, வேலை செய்த ஒவ்வொரு நாளையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு, கேட் பாஸ், பாங்கிப் புத்தகம் எதையும் தொலைக்காதீர்கள்.

கேட்டில் நிறுத்தினால் அன்றைக்கே கடிதம் எழுதுங்கள். "இன்று இத்தனை மணிக்கு வேலைக்குத் தயாராக வந்தேன், அனுமதிக்கவில்லை." ஸ்பீடு போஸ்டில் நிர்வாகத்துக்கு ஒன்று, லேபர் ஆபீசருக்கு ஒன்று, ரசீது உங்கள் கையில். லே-ஆப் காலத்திலும் மஸ்டரில் பதிய நேரத்துக்கு ஆஜராகுங்கள். ஆஜராகாதவருக்கு நஷ்டஈடு இல்லை என்று சட்டமே சொல்கிறது.

ஊராட்சியில் வேலை கேட்டால் எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். தேதியுடன் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

சங்கங்கள் எழுப்ப வேண்டிய கோரிக்கையும் தெளிவானது. வேலை போனதற்கு நிர்வாகம் எந்தக் காரணம் பதிந்தாலும் அதன் நகல் அன்றே தொழிலாளி கைக்கு வர வேண்டும். அதை மறுக்க அவருக்கு உரிமை வேண்டும். மறுத்தால், முதலாளி நிரூபிக்கும்வரை உதவிப் பணம் நிற்கக் கூடாது.

திண்ணையில் உட்கார்ந்த அந்தத் தோழர் இப்போது பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயக் காட்டில் கூலி வேலைக்குப் போகிறார். போன மாதம் வழியில் பார்த்தேன். மடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தேதி, வேலை, கூலி எல்லாம் பேத்தி கையெழுத்தில் வரிசையாக இருந்தது. "இனிமே எவன் என்ன எழுதினாலும், நம்ம கிட்டேயும் ஒரு எழுத்து இருக்குண்ணே" என்றார்.

ஒவ்வொரு வீட்டிலும் அந்த நோட்டு இருக்கட்டும். அவற்றையெல்லாம் ஒன்றாக்கி மேசைமேல் வைக்கச் சங்கம் இருக்கட்டும்.