டெமோவாம்ல டெமோ!

போன மாசம் ஒரு சனிக்கிழமை ஆணி புடுங்குறதுக்கு லீவு விட்டுட்டு, சென்னையில ஒரு மண்பாண்ட ஸ்டுடியோவுக்குப் பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். ஸ்டுடியோ நடத்துற மேடமும் மண்ணுல வேலை செய்யற கலைஞர்தான். சொல்லிக்கொடுக்க வந்தவர் எங்க கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குயவர். ஊர்க்காரராச்சேன்னுதான் நான் போனதே.

வாசல்ல போஸ்டர். மேடம் பேரு கொட்டை எழுத்துல. கீழே பொடி எழுத்துல "கிராமத்துக் குயவரின் லைவ் டெமோ". அவ்வளவுதான், அவருக்குப் பேரே கிடையாது.

சுர்ருன்னு ஏறிச்சு. நான் கருணாபுரத்துக்காரன். 2024 ஜூன்ல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60 பேருக்கு மேல செத்தப்பதான் எங்க ஊரு பேரு நாட்டுக்கே தெரிஞ்சுது. செத்தவங்க பேரெல்லாம் பேப்பர்ல வந்துச்சு. எங்க பக்கத்து மனுசன் பேரு அச்சுல வரணும்னா அவன் செத்தாத்தான் உண்டா?

சரி, அந்த "டெமோ"வுல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். நம்மூரு முறையில கழுத்தையும் தோளையும் சக்கரத்துல வனைஞ்சு, அறுத்தெடுத்து, கொஞ்சம் காயவிட்டு, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடணும். தட்டத் தட்ட சுவர் மெலிசாகும், வயிறு உருண்டு வரும், சத்தமும் மாறும். அவர் பழக்கினது எங்க காதைத்தான். பின்னாடி ஒரு பொண்ணு தட்டிக்கிட்டு இருந்துச்சு. திரும்பிக்கூடப் பார்க்காம, "மேல போதும் பாப்பா, அடியில இன்னும் தடிமனா இருக்கு, அங்க தட்டு"ன்னார். என்னோடது பிளந்துக்கிச்சு. "ஈரம் இருக்கையில அவசரப்பட்டா இப்படித்தான் தம்பி"ன்னு விரலால ஒட்டிக் காட்டினார். இதுக்குப் பேரு பாடம் இல்லைன்னா, நான் நாலு வருசம் இஞ்சினியரிங் காலேஜ்ல உக்காந்திருந்ததுக்கு என்ன பேருன்னு தெரியலை :-)

ஆளுக்கு 2000 ரூபா, நாங்க 15 பேர். அவருக்கு 1500, பஸ் காசு தனி. "கம்மியா இல்லீங்களா ஐயா?"ன்னேன். "கூப்பிட்டாங்களே தம்பி"ன்னார்.

மேடம்கிட்டயும் கேட்டேன். இடம், கரண்ட், சக்கரம் எல்லாம் அவங்களுதாம். நியாயம், ஒத்துக்கறேன், வாடகையைக் கழிச்சுக்கட்டும். அடுத்து சொன்னதுதான் தாங்கலை: "அவருக்கு தியரி தெரியாதுங்க, செஞ்சுதான் காட்டுவார்."

1952ல ஜப்பானியக் குயவர் ஹமாடா ஷோஜி, அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்து ஆர்ச்சி பிரே ஃபவுண்டேஷனுக்கு விருந்தாளியா வந்து செஞ்சுதான் காட்டினார். அங்க வேலை பார்த்த பீட்டர் வோல்கஸ், ரூடி ஆட்டியோ ரெண்டு பேரும் பின்னாடி பெரிய கலைஞர்களா ஆனாங்க. அந்த வருகையை இன்னிக்கும் திருப்புமுனைன்னு எழுதறாங்க. இத்தனைக்கும் ஹமாடா தன் பானைல கையெழுத்துப் போடுறதையே விட்டவர். ஆனா அது அவரா எடுத்த முடிவு. நம்மாளுக்குப் பேரு வேண்டாம்னு முடிவு பண்ணினது போஸ்டர் அடிச்சவங்க.

ஹமாடா படிச்சவர், அதனாலன்னு யாராவது வருவீங்க. லாடி க்வாலி, நைஜீரியாவுல க்வாலிங்கற கிராமத்துல அத்தைகிட்ட பானை செய்யக் கத்துக்கிட்டவங்க. சக்கரமே இல்லாம, மண்ணைத் திரிச்சு அடுக்கிச் செய்யற முறை. 1954ல மைக்கேல் கார்டியூவோட அபுஜா மண்பாண்டப் பயிற்சி மையத்துல சேர்ந்தாங்க. பிரிட்டன், அமெரிக்கான்னு போய் செஞ்சு காட்டினாங்க, சொந்தப் பேரோட. இன்னிக்கு நைஜீரியாவோட 20 நைரா நோட்டுல அவங்க படம் இருக்கு. அவ்வளவு தூரம் ஏன், பக்கத்துல பாண்டிச்சேரி வில்லியனூர் முனுசாமிக்கு சுடுமண் கலைக்காக 2020ல பத்மஸ்ரீயே குடுத்தாங்க. அரசாங்கத்துக்கே பேரு கேட்டு எழுதத் தெரிஞ்சிருக்கு, சக கலைஞருக்குத் தெரியலை.

நான் கேக்கறது ரொம்ப சிம்பிள். வெளிநாட்டுல இருந்து ஒரு செராமிக் ஆர்டிஸ்ட் அதே பட்டறையை நடத்த வந்தா என்ன எழுத்துல பேரு போடுவீங்களோ, என்ன சம்பளம் குடுப்பீங்களோ, அதையே இவருக்கும் செய்யுங்க.

இதையே மேடத்துக்கு வாட்ஸப்புல அனுப்பியிருக்கேன். நீல டிக் விழுந்து ஒன்பது நாளாச்சு.