தேரியில் புதைந்த ஜீப்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். உத்தியோகம் தூத்துக்குடிப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. பிரெஞ்சில் 'அன்சாப்ளே' என்று ஒரு சொல் உண்டு. வண்டி மணலில் புதைந்து நிற்பதற்குப் பெயர். வகுப்பில் மண்டையில் ஏறாத அந்தச் சொல், 1985 வாக்கில் குதிரைமொழித் தேரியில் ஏறியது.

ஆபீஸ் சிநேகிதர்கள் நாலு பேர். ஒருவருடைய மைத்துனரிடம் பழைய மகிந்திரா ஜீப் இருந்தது. ஞாயிறு விடியற்காலை நம்ம புதுக்கோட்டையில் புறப்பட்டு, சாயர்புரம், ஏரல், குரும்பூர் தாண்டி வண்டித்தடத்தில் இறங்கினோம். தடம் முடிந்த இடத்தில் செம்மணல். நாலு சக்கரமும் இழுக்கும் என்ற தைரியம். மிதிக்க மிதிக்க, கோழி குப்பையைக் கிளறுவது போல் கிளறி, அச்சு வரை இறங்கிவிட்டது.

அந்த வழியாக வந்த பனையேறி ஒருவர், "மிதிக்காதீய அண்ணாச்சி, காத்த எறக்குங்க" என்றார். 30 பவுண்டு இருந்த காற்றைப் பாதியாக்கினோம். டயர் ஒட்டகத்தின் பாதம் போல அகன்றது. சக்கரத்தடியில் பனைமட்டையைச் செருகி, மூன்று பேர் தள்ள, ஒருவர் முதல் கியரில் மெல்ல நகர்த்த, வண்டி மேலே வந்தது. முகமெல்லாம் செம்மண். அவர் கொடுத்த பதநீரைக் குடித்துவிட்டுச் சிரித்தோம் பாருங்கள், என் சர்வீஸில் அப்படிச் சிரித்த நாள் அதிகமில்லை. (காற்றில்லாத டயரோடு குரும்பூர் வரை ஊர்ந்தது தனிக்கதை.)

இப்போது பேரன், தேரி மேட்டில் வண்டியை ஏற்றி வீடியோ எடுக்கவேண்டும் என்கிறான். வேண்டாம் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

தேரி மணல் நகரும் மணல். காற்றுக்காலத்தில் பக்கத்து நிலத்தை மூடக்கூடியது. பனையும் உடையும் கொல்லாமரமும் வேர்பிடித்ததால்தான் அடங்கிக் கிடக்கிறது. மேட்டில் சக்கரம் கிளறினால் முதலில் போவது புல்லும் நாற்றும். போதாததற்கு, அது காப்புக்காடு, அனுமதி வேண்டும். நாங்களும் அன்று கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

அவன் பாரிஸ்–டக்கார் பந்தயத்தைக் காட்டினான். அதன் கதை எனக்குத் தெரியாதா? தியரி சபீன் 1977இல் லிபியப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோடு வழிதவறிப் பிழைத்து வந்தவர். 1978 டிசம்பர் 26இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கினார். 1986இல் பந்தயத்தின்போதே மாலியில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். அது சகாரா, கண்ணுக்கெட்டிய வரை மணல். நம் தேரியில் இறங்கினால் அடுத்தது யாரோ ஒருவருடைய வாழைத்தோட்டம்.

காப்புக்காட்டுக்கு வெளியே, தெரிந்தவர் பனங்காட்டு வண்டித்தடத்தில் போகலாம், கூட மூன்று சிநேகிதர்களைக் கூட்டி வா, ஒருவனுக்காவது தள்ளத் தெரியவேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறானாம்.