பெட்டிக்குள் சிரிப்பவர் யார்?



தொலைக்காட்சியில் ஆங்கில நகைச்சுவைத் தொடர் ஓடும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கணவன் ஒரு வார்த்தை சொல்வான். மனைவி ஒரு பார்வை பார்ப்பாள். உடனே ஒரு பெருங்கூட்டம் 'கொல்'லென்று சிரிக்கும். திரையில் இருப்பதோ இரண்டே பேர். ஆங்கிலம் தெரியாத பாட்டியும் சேர்ந்து சிரிப்பார். "புரிஞ்சிதா பாட்டி?" என்று பேரன் கேட்டால், "எல்லாரும் சிரிக்கிறாங்களேப்பா!" என்பார்.

அந்த 'எல்லாரும்' யார்? இந்த இதழில் அவர்களைத்தான் தேடப்போகிறோம்.

சிரிப்பு ஒட்டுவாரொட்டி. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தைக் கண்டவர்களுக்கு இது தெரியும். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் தருமியாக வந்து தனியே புலம்புவாரே, அதை வீட்டில் ஒருவராகப் பார்த்தால் புன்னகை வரும். பாய் விரித்து உட்கார்ந்த ஊர்க் கூட்டத்தோடு பார்த்தால் வயிறு புண்ணாகும். அந்தப் படச்சுருளில் எவருடைய சிரிப்பும் பதிவாகவில்லை. சிரிப்பை நாம்தான் வீட்டிலிருந்து கொண்டு போனோம்.

தொலைக்காட்சி வந்ததும் கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு மூன்று பேர், நான்கு பேர். இத்தனை பேர் மட்டும் உட்கார்ந்திருந்தால் நகைச்சுவை களை கட்டுமா என்று அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் கவலைப்பட்டார்கள். அதற்கு இரண்டு வழி கண்டார்கள்.

முதல் வழி, உண்மையான கூட்டத்தை அழைத்து வந்து, படப்பிடிப்புக் கூடத்தில் உட்கார வைத்து, அவர்கள் முன்னாலேயே நடிப்பது. 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரை அப்படித்தான் எடுத்தார்கள். நடிப்பு நின்று நின்று போனால் கூட்டம் சலித்துவிடும் என்பதால், மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள்.

இரண்டாவது வழி, கூட்டமே இல்லாமல் சிரிப்பை மட்டும் கொண்டு வருவது. 1950இலேயே 'ஹேங்க் மெக்யூன் ஷோ' என்ற நிகழ்ச்சியில் பதிவு செய்த சிரிப்பைச் சேர்த்திருந்தார்கள். பிறகு சி.பி.எஸ். நிறுவனத்தின் ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ், 1950களின் தொடக்கத்தில் அதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தார். அதற்குப் பெயரே 'சிரிப்புப் பெட்டி'. உள்ளே ஒலிநாடாக்கள். மேலே தட்டச்சு இயந்திரத்தில் இருப்பது போன்ற விசைகள். ஒன்றை அழுத்தினால் கிழவர் கெக்கலிப்பார். இன்னொன்றை அழுத்தினால் பெண்கள் கிளுகிளுவென்று சிரிப்பார்கள். கீழே தையல் மெஷினில் இருப்பது போல் ஒரு மிதிகட்டை. சிரிப்பு எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்பதைக் காலால் கட்டுப்படுத்துவார். வேலை முடிந்ததும் பெட்டிக்குப் பூட்டு. உள்ளே இருப்பதை வேறு யாரும் பார்க்க முடியாது.

அந்தச் சிரிப்புகள் முன்பின் தெரியாத மனிதர்களுடையவை. ரெட் ஸ்கெல்டன் என்ற நடிகர் பேசாமலே நடித்த காட்சிகளுக்கு மக்கள் சிரித்ததையும் டக்ளஸ் எடுத்துக்கொண்டார். நடிகர் பேச்சு குறுக்கே வராததால் அந்தச் சிரிப்பு சுத்தமாகப் பதிவாகியிருந்தது. எதற்கோ சிரித்தவர்களின் சிரிப்பு, பல வருடம் கழித்து, அவர்கள் பார்த்தே இராத நாடகத்தில் ஒலித்தது.

இது புதிய தந்திரமும் அல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் நாடக அரங்குகளில் கூலிக்குக் கைதட்ட ஆட்கள் இருந்தார்கள். சிரிப்பதற்குத் தனி ஆட்கள், கண்ணீர் விடுவதற்குத் தனிப் பெண்கள். கூலிக்கு மாரடிப்பது என்று நம்மில் சொல்வோமே, அதேதான்.

இது பலிக்கிறதா என்று கேட்பீர்கள். 1965இல் 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' தொடரின் முதல் பகுதியைச் சிரிப்புச் சேர்த்தும் சேர்க்காமலும் மக்களிடம் காட்டிப் பார்த்தார்கள். சிரிப்புச் சேர்த்ததே வென்றது.

ஆனால் எல்லாவற்றுக்கும் சிரிக்க வைக்கலாமா? 1972 முதல் 1983 வரை ஒளிபரப்பான 'மாஷ்' தொடர், கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவமனையைப் பற்றியது. சிரிப்பொலியே வேண்டாம் என்றார் அதை உருவாக்கிய லாரி கெல்பார்ட். கட்டாயம் வேண்டும் என்றது நிறுவனம். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் மட்டும் சிரிப்பு இருக்காது. பையன்கள் உயிருக்குப் போராடும் இடத்தில் சிரிப்பது முறையல்ல என்று ஒருவர் நின்று வாதாடியதால் கிடைத்தது அது.

இப்போது நம்மைத் தொடும் விஷயத்துக்கு வருகிறேன். 1977இல் பிரிட்டனில் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற தொடர் வந்தது. நம் பக்கத்திலும் பலர் விரும்பிப் பார்த்தார்கள். லண்டனில் ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டார் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தியப் பெண் ஜமீலா, சீக்கியர் ரஞ்சித், பாகிஸ்தானியர் அலி. அவர்கள் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதும் கூடமே சிரிக்கும். இங்கே சிரித்தது இயந்திரம் அல்ல, உண்மையான கூட்டம்தான். நாமும் சிரித்தோம். ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தது நம்மைப் போன்றவர்கள் அல்லவா? இப்படி ஓர் இனத்தாரைக் கேலிப் பொருளாக்குவது புண்படுத்துவதாக இருக்கிறது என்று கருதி, மைக்கேல் கிரேட் என்ற நிர்வாகியே 1979இல் அத்தொடரை நிறுத்தினார்.

தாய்மார்களே, பெரியோர்களே, சிந்தித்துப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளை பட்டணத்துப் பள்ளியில் எழுந்து நின்று பேசும்போது, அவன் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? அடுத்த முறை கை தூக்குவானா? அந்த வகுப்பில் முதலில் சிரிப்பவன் ஒருவன்தான். மற்றவர்கள் 'எல்லாரும் சிரிக்கிறார்களே' என்று சேர்ந்துகொள்கிறார்கள். கறுப்பு நிறம், பருத்த உடல், திக்கும் நாக்கு, இவற்றைக் காட்டி ஒரு நிகழ்ச்சி சிரிப்பொலி எழுப்பும்போது, 'இதற்குச் சிரிக்கலாம், தப்பில்லை' என்று நம் பிள்ளைகளுக்கு அது பாடம் நடத்துகிறது.

அதற்காகத் தொலைக்காட்சியை அணைத்துவிடச் சொல்லவில்லை. நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிறவர்களுக்குச் சிரிப்பைப் போல மருந்து உண்டா? ஒன்றே ஒன்று செய்யுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். பெட்டி சிரிக்கும்போது, "இதிலே சிரிக்கிறதுக்கு என்னய்யா இருக்கு?" என்று ஒரு தடவை கேளுங்கள். நல்ல நகைச்சுவையாக இருந்தால் பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லி இன்னொரு முறை சிரிக்கும். இல்லையென்றால் பதில் வராது. அந்த மௌனத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.