பம்பு செட்டுக்குப் பகல் மின்சாரமே வேண்டும்

இரவு பன்னிரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால், டார்ச் விளக்கும் கைத்தடியுமாகக் கிணற்றடிக்குப் போகும் விவசாயியின் சிரமம் கிராமத்தில் யாருக்கும் புதிதல்ல. வரப்பில் பாம்பு, ஈரக் கையோடு தொட வேண்டிய ஸ்டார்ட்டர் பெட்டி. தூக்கக் கலக்கத்தில் மடை மாற்றத் தவறினால் ஒரு வயல் நிரம்பி வழியும்; அடுத்த வயல் காயும். இவரிடம் போய், "பூமி சூடாகிறது, மின்சாரத்தைக் குறையுங்கள்" என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

ஆனால் பூமி சூடாவதும் அவரைத்தான் முதலில் தாக்குகிறது. நெல் பூக்கும் தருணத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பதர் கூடும். மழை பொய்த்தால் கிணறு ஒன்றே துணை. 2016-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தபோது, பல கிணறுகளும் கைவிட்டன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் நாலரை யூனிட் மின்சாரம் எடுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் 27 யூனிட். அது நிலக்கரியில் உற்பத்தியானதாக இருந்தால், யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கும். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லை என்பதால் கரி எரியாமல் இருப்பதில்லை.

அப்படியானால் எதை விட்டுக்கொடுப்பது? இரண்டையும் விட வேண்டியதில்லை. சூரிய மின்சாரம் பகலில்தான் கிடைக்கும். அதை இரவுக்குச் சேமித்து வைக்கப் பாட்டரிச் செலவு உண்டு. வீட்டு விளக்கை இருட்டிய பிறகுதான் ஏற்ற முடியும். பாசனத்தையோ பகலிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆகவே பம்பு செட்டுகளுக்குத் தனி மின்பாதை அமைத்து, துணை மின்நிலையத்தின் அருகே சூரிய மின் உற்பத்தி செய்து, பகலிலேயே வழங்குவதுதான் சரியான வழி. விவசாயிக்கு இரவு விழிப்பு மிச்சம். நாட்டுக்கு நிலக்கரி மிச்சம்.

தனித்தனி சூரிய பம்பு செட்டும் நல்லதே. 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டம் மத்திய அரசின் பங்காக 30 விழுக்காடும், மாநில அரசின் பங்காகக் குறைந்தது 30 விழுக்காடும் மானியம் தர வகை செய்தது. மீதியைக் கட்டுவது ஓர் ஏக்கர்காரருக்குப் பெரும் சுமை. சிறு விவசாயிக்கு முதலீடு இல்லாத தனி மின்பாதைக்கே அரசு முதலிடம் தர வேண்டும்.

விவசாயியின் பங்கும் உண்டு. வெயில் இருக்கும் வரை மோட்டாரை ஓடவிட்டால் நிலத்தடி நீர் இறங்கிவிடும். அடைப்பட்ட புட்வால்வை மாற்றுதல், அகலமான பி.வி.சி. குழாய் போடுதல், தகுந்த கெப்பாசிட்டர் பொருத்துதல், கரும்புக்கும் வாழைக்கும் சொட்டுநீர் அமைத்தல் ஆகியவற்றால் மின்சாரமும் தண்ணீரும் மிஞ்சும். மின்னழுத்தக் குறைவால் மோட்டார் காயில் கருகுவதும் குறையும்.

பூமியின் சூட்டைத் தணிக்கும் செலவைச் சிறு விவசாயியின் தலையில் கட்டக் கூடாது. அவருக்குப் பகலில், குறையாத மின்னழுத்தத்துடன் மின்சாரம் கொடுத்துப் பார்க்கட்டும். சிக்கனத்தை அவரே செய்து காட்டுவார்.