விழிஞத்து அலை

விழிஞம் என்றதும் இப்பொழுது யாவருக்கும் நினைவுக்கு வருவது 2025-இல் திறந்துவைக்கப்பட்ட பெரிய துறைமுகந்தான். திருவனந்தபுரத்தை அடுத்த அந்தக் கடற்கரையில் 1991-லேயே மற்றோர் ஆரம்பம் நிகழ்ந்தது. அதைப் பற்றிப் பேசுவோர் அரியர். அலையின் சக்தியை மின்சாரமாக்கிப் பரீட்சிக்கும் நிலையமொன்றைச் சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் மத்திய சர்க்காரின் உதவியுடன் அங்கே ஸ்தாபித்தார்கள். அக்காலத்தில் உலகெங்கும் இத்தகைய நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

யந்திரத்தின் சூட்சுமம் ரசமானது. கடலுக்குள் நிற்கும் ஒரு பெரிய கான்கிரீட் அறை. அதன் வாய் நீருக்குள் திறந்திருக்கும். அலை உயரும்போது உள்ளேயுள்ள காற்று மேலே சீறிப் பாய்கிறது. தாழும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. கொல்லன் உலைத் துருத்தியைக் கடலே ஊதுவதாக எண்ணிக்கொள்ளுங்கள்! காற்று போக்கும் வரவுமாக இருந்தாலும், அதன் வழியில் வைத்த சுழலி ஒரே திசையில்தான் சுற்றும். பெல்ஃபாஸ்ட் நகரத்துப் பேராசிரியர் ஆலன் வெல்ஸ் கண்டுபிடித்த உபாயம் இது.

நிலையத்தின் சக்தி 150 கிலோவாட். ஆனால் அலைக்கு நம் சௌகரியம் தெரியுமா? தென்மேற்குப் பருவக்காற்றில் ஆர்ப்பரிக்கும் கடல் பிற மாதங்களில் சோம்பிக் கிடக்கிறது. பின்னர் அந்த மின்சாரத்தைக்கொண்டு உப்புநீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். இன்று நிலையம் இயங்கவில்லை.

சர்க்கார் பணம் கடலில் கரைந்தது என்று சிலர் கைகொட்டக்கூடும். நாம் உடன்படுவதற்கில்லை. பரீட்சைச் சாலையை மின்சாரக் கம்பெனியின் வரவு செலவுக் கணக்கால் அளப்பது நியாயமன்று. நமது கடலின் குணத்தைப் பிறர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவும் இயலாது. நாம் வருந்துவது வேறொன்றுக்கு: தொட்ட காரியம் அறுந்துபோயிற்று.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் 2003-இல் இத்தகைய பரீட்சை நிலையம் ஏற்பட்டது. அங்கே யந்திரத்தை இறக்கிய பெலாமிஸ் கம்பெனி 2014-இல் நொடித்தது. நிலையமோ நொடிக்கவில்லை, கடலடிக் கம்பிகளும் அளவுக் கருவிகளும் அடுத்து வருபவருக்காகக் காத்திருந்தன.

நம் கதையைப் பாருங்கள். 2022 நவம்பரில் அதே சென்னை ஐ.ஐ.டி. தூத்துக்குடிக்கு அப்பால் 'சிந்துஜா-1' என்ற மிதவையைப் பரீட்சித்தது. அதன் சக்தி 100 வாட். அது வேறு வகை யந்திரமே. ஆயினும் முப்பத்தோராண்டு இடைவெளி உறுத்தாமற் போகுமா? அடுத்த மிதவை நீரில் இறங்குமுன்னர் அதற்கென நிரந்தரமானதொரு பரீட்சைத் துறையைச் சர்க்கார் ஒதுக்கித் தரவேண்டும். தென்கரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை.