கமலாவுக்குப் பாட்டி யாரு?

தோழர்களே, ராணிப்பேட்டைன்னா தோல், ஷூ, பாலாத்துல குரோமியம். வெளியூர்க்காரங்களுக்கு அவ்ளோதான். காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணியில நெல் வெளையுற மாவட்டமும் இதுதான். அதனால இந்தப் பதிவு நெல்லைப் பத்தி.

2025 மே மாசம் ஒன்றிய வேளாண் அமைச்சர் 'கமலா'ன்னு ஒரு மரபணு திருத்திய நெல்லை டெல்லியில் அறிவித்தார். 20 நாள் முன்னாடியே அறுவடை, 19 சதவீதம் கூடுதல் மகசூல்னு சொன்னாங்க. சரி. அந்தக் கமலா எதுல இருந்து வந்துச்சு? பிபிடி 5204. நாம கடையில 'ஆந்திரா பொன்னி'ன்னு வாங்குறோமே, அதேதான்.

பிபிடி எங்கிருந்து? 1921ல் கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், நம்ம கிச்சிலி சம்பாவுல இயற்கையா வந்த ஒரு மாற்றத்தைப் பிரிச்சு எடுத்தாங்க. பேர் ஜிஇபி 24. சன்ன அரிசி, அருமையான சோறு. ஆனா பயிர் நெட்டை, உரம் போட்டா சாயும். சாயாத குட்டைத் தண்டு தைவானோட தைச்சுங் நேட்டிவ் 1ல இருந்து வந்தது. குட்டைக்குக் காரணம் ஒரே ஒரு ஒடுங்கு ஜீன். ஸ்கூல்ல படிச்ச மெண்டல் கணக்குதான்: நெட்டையையும் குட்டையையும் சேர்த்தா முதல் தலைமுறை முழுக்க நெட்டை, அடுத்ததுல நாலுக்கு ஒண்ணு குட்டை. சன்னமும் மகசூலும் அப்படி இல்ல. பல ஜீன் சேர்ந்து முடிவு பண்ற விஷயம். வருஷக்கணக்கா வயல்ல நின்னு செடி செடியா பொறுக்கணும். இந்த ரெண்டோட மசூரியையும் சேர்த்து, 1986ல் பாபட்லாவுல வெளியிட்டதுதான் பிபிடி.

கமலாவுல திருத்தினது ஒரே ஒரு ஜீன். கோடு எழுதுறவங்களுக்குப் புரியும். ஒரு லைன் மாத்தினவன் மொத்த புரோகிராமும் என்னுதுன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?

நம்ம ஆளுங்களே 'வெளிநாட்டு ஜீன் வச்ச விஷ அரிசி'ன்னு ஃபார்வர்டு பண்றாங்க. தப்பு. அதுல வெளி ஜீன் எதுவும் இல்ல. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க. ஹைதராபாத் விஞ்ஞானிகள் மேலயும் நமக்குக் கோபம் இல்ல. கோபம் ஒன்றிய அரசு மேலதான். திருத்தப் பயன்பட்ட கிரிஸ்பர் கத்தரிக்கோலோட முக்கியக் காப்புரிமைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள், கம்பெனிகள் கையில. எந்த நிபந்தனையில உரிமம்? விதை விலையில அது ஏறுமா? இந்த வகைப் பயிர்களுக்கு மரபணு மாற்றுப் பயிருக்கான பாதுகாப்பு விதிகள்ல இருந்து 2022லயே விலக்கு குடுத்தாச்சு. அப்போ ஆய்வு முடிவுகளையாவது முழுசா மக்கள் முன்னாடி வைக்கணுமா இல்லையா?

2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்துல விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, பரிமாற விவசாயிக்கு உரிமை இருக்கு. ஒரு ரகத்தால வர்ற பலன்ல பங்கு கேட்கவும் வழி இருக்கு. 1997ல் அமெரிக்க ரைஸ்டெக் கம்பெனி பாஸ்மதிக்குக் காப்புரிமை வாங்கினப்போ, நாம எதிர்த்துச் சண்டை போட்ட பிறகுதான் முக்கியமான உரிமைக் கோரல்களை விட்டுக்கொடுத்தாங்க.

உங்க தொகுதி எம்.பி. பக்கத்துல இன்னைக்கே ஒரே கேள்வி கேளுங்க: கமலா உரிம ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்துல வைக்கச் சொல்லி எழுதினீங்களா? பதில் வந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கமெண்ட்ல போடுங்க. வரலன்னாலும் போடுங்க.

#கிச்சிலிசம்பா #நம்நெல்_நம்உரிமை
தகவல் தொழில்நுட்ப அணி, ராணிப்பேட்டை மாவட்டம்