நடுநிலை என்பது வெறுமையன்று

அணுவில் புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் எண்ணிக்கையில் சமம். ஆதலால் அணு மின் நடுநிலை உடையது. பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்த பாடம் இது. ஏன் சமம் என்று வினவும் மாணவனுக்கோ, தேர்வுக்கு அது வேண்டா என்னும் மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது.

அப்பாடத்தில் பிழை இல்லை. ஆயின் அது இருவேறு சமன்களை ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. அவற்றைப் பிரித்துக் கற்பித்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவது, எண்ணிக்கைச் சமன். சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள் உள்ளன. அவற்றின் நேர்மின் ஈர்ப்பால் 11 எலக்ட்ரான்கள் அதனைச் சூழ்கின்றன. இதன் காரணம் எளிது. இச்சமன் கலையவும் கூடும். சோடியம் ஓர் எலக்ட்ரானை இழக்க, குளோரின் அதனை ஏற்க, இரண்டும் அயனிகளாகி உப்பாகின்றன. நீர் பட்டால் சீறியெழும் உலோகமும் நச்சு வாயுவும் நம் உணவுக்குச் சுவையூட்டுவது இவ்வாறே.

இரண்டாவது, மின்னூட்டச் சமன். ஒரு புரோட்டானின் நிறை ஏறத்தாழ 1836 எலக்ட்ரான்களின் நிறைக்கு ஈடாகும். நிறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. மின்னூட்டத்தின் அளவிலோ இம்மியும் வேற்றுமை இல்லை. நுண்ணிய வேறுபாடு இருப்பின் பேரண்டம் விரிவதற்கு அதுவே காரணமாகலாம் என்று 1959இல் லிட்டில்டன், போண்டி என்னும் அறிஞர் இருவர் கருதினர். சோதனைகள் அதனை ஏற்கவில்லை. வேறுபாடு இருப்பினும், 1-இன் பின் 21 சுழிகள் இட்ட எண்ணில் ஒரு பங்கினும் மிகாது என்பதே இன்றைய அளவீடு. இத்துணைத் துல்லியம் ஏன் என்பதற்கு அனைவரும் ஏற்ற முடிந்த விடை இன்னும் இல்லை.

கை நீளத் தொலைவில் நிற்கும் இருவர் உடலிலும் எலக்ட்ரான்கள் புரோட்டான்களைவிட நூற்றுக்கு ஒன்று மிகுந்திருப்பின், அவர்களிடையே எழும் விலக்கு விசை பூமியின் எடைக்கு நிகரான சுமையையே தூக்கவல்லது! நாம் அமைதியாக அருகருகே அமர்ந்திருப்பது அந்தச் சமனால்தான்.

திருக்குறளில் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரமே உண்டு. அங்கும் நடுநிலை என்பது வெறுமை அன்று. இருபுறமும் எடை ஏறிய துலாக்கோலின் நேர்மை. அணுவின் நடுநிலையும் அத்தகையதே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஏன் என்று கேட்கும் மாணவனை அமர்த்திவிடாதீர்கள். முதற் சமனுக்கு விடை கூறுங்கள். இரண்டாம் சமனுக்கு, அறிவியலே இன்னும் தேடுகிறது என்று உண்மையைக் கூறுங்கள். அத்தேடலில் நாளை அவனும் இணையக்கூடும்.